நொல்பெர்த்தோவுக்கு ஊற்றாத கோப்பை

வைத்தியக்காரி தெயோலிந்தாவுக்குச் செல்சோ தர வேண்டியிருந்தது முந்நூற்று நாற்பது சோல் காசு. எட்டு இரவு வைத்தியத்துக்கான கூலி அது. காட்டில் கூடவே மரம் அறுத்தவன் மேல் மரம் சாய்ந்ததைக் கண்ணால் பார்த்த நாளிலிருந்து செல்சோவுக்குக் கை நடுக்கம். அவித்த வாழைக்காயைக்கூட ஒரு கையால் பிடித்துத் தின்ன முடியாது. தெயோலிந்தா எட்டு இரவும் கனவு போல் காட்சி காட்டும் கொடிக் கஷாயம் கொடுத்துப் பாடினாள். முதல் இரவு கூரை ஓலையெல்லாம் அவள் பாவாடையின் தையல் கோடுகள் மாதிரி நெளிந்தது. மூன்றாம் இரவு வாந்தி மட்டும்தான், வேறு ஒன்றும் இல்லை. ஐந்தாம் இரவு அந்த மரம் மறுபடி விழுந்தது. விடியும்வரை அழுதான். எட்டு இரவும் முடிந்தபோது கை நடுக்கம் நின்றிருந்தது.

காசு இல்லாததால் உழைத்துக் கழித்தான். கொடியைக் கட்டையால் நசுக்கி, சக்ருனா இலையோடு பானையில் அடுக்கி, ஒரு பகல் முழுக்கப் புகையில் நின்று காய்ச்சி இறக்கினால் முப்பது சோல் கழியும். கஷாயம் குடிக்க ஓர் ஆளைக் கூட்டி வந்தால் இருபது. பத்துத் தடவை காய்ச்சினான். ஓர் ஆளைக் கூட்டி வந்தான். மீதி இருபது.

ஞாயிற்றுக்கிழமை காலை மரக்காரர்களின் படகு மேலாற்றுக்குப் போகிறது. ஆறு மாத வேலை, செல்சோவுக்கும் இடம் சொல்லியிருந்தார்கள். ஆனால் வைத்தியக் கடனை வைத்துக்கொண்டு ஊரைத் தாண்டினால் தீர்ந்த நோய் பின்னாலேயே வரும் என்று உக்கயாலி ஆற்றங்கரையில் எல்லோருக்கும் தெரியும். மறுபடி அந்த நடுக்கத்தோடு ரம்பம் பிடிக்க அவனுக்குத் தைரியம் இல்லை. அதனால் சனிக்கிழமை பெண்டாட்டியின் தம்பி நொல்பெர்த்தோவைக் கூட்டிக்கொண்டு தெயோலிந்தாவின் குடிசைக்குக் கிளம்பினான். மகளைப் பறிகொடுத்ததிலிருந்து நொல்பெர்த்தோவுக்குத் தூக்கமில்லை.

படகை விட்டு இறங்கியதும் நொல்பெர்த்தோ சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டு ஆற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்தான்.

"அது என்ன மாப்ள?"

"டவுன் டாக்டர் குடுத்தது மச்சான். மனசுக்கு. அஞ்சு மாசமாப் போட்டுக்கிட்டு இருக்கேன்."

"வைத்தியக்கார அத்தைகிட்ட சொன்னியா?"

"எதுக்கு? பத்தியம் எல்லாம் சுத்தமா இருந்தேன். மூணு நாளா உப்பைத் தொடல, பன்னியைத் தொடல, உனக்குத் தங்கச்சி முறையாகுற என் பொண்டாட்டி, அவளைக்கூடத் தொடல. மாத்திரை என்ன சாப்பாடா?"

"இருந்தாலும்..."

"நம்ம ஊர்ல இந்தக் கஷாயத்துக்குப் பேரே பேதிதானே. எப்படியும் எல்லாம் வெளியே வந்துடும். மாத்திரையும் சேர்ந்து வந்துட்டுப் போகுது."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. செல்சோவுக்கு நியாயமாக இருக்கவும் வேண்டியிருந்தது.

இருட்டியதும் தெயோலிந்தா குடிசை நடுவில் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்தாள். குடிக்கப்போகிறவர்களிடம் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்.

"மாத்திரை ஏதும் சாப்பிடறியா?"

"இல்லை அத்தை."

"இதயம், ரத்தக் கொதிப்பு?"

"கல்லு மாதிரி இருக்கேன்."

"கல்லு தூங்கும். நீதான் தூங்கலைன்னு வந்திருக்கே," என்றபடி சிரட்டைக் கோப்பையில் ஊற்றினாள். பழுப்பாகக் கெட்டியாக இறங்கியது. செல்சோ காய்ச்சியதுதான். நொல்பெர்த்தோ கையை நீட்டினான். செல்சோ அந்தக் கையைப் பார்த்தான். அடுத்த நொடி, யோசிக்காமலே பேசிவிட்டான்.

"அத்தை, ஊத்தாதீங்க. இன்னிக்கு மத்தியானம்கூட மாத்திரை போட்டான். அஞ்சு மாசமாப் போடறான்."

நொல்பெர்த்தோ திரும்பினான். "காட்டிக் குடுக்கத்தான் கூட்டிட்டு வந்தியா?"

தெயோலிந்தா கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எந்த மாத்திரை? எடு." நொல்பெர்த்தோ எடுத்துக் கொடுத்தான். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அட்டையைச் செல்சோவிடம் நீட்டினாள். அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். பெயரைக் கேட்டதும் தலையாட்டினாள்.

"இதேதான். மேல்கரையில ஒருத்தன் இதை மறைச்சுக் கஷாயம் குடிச்சான். உடம்பு அடுப்பு மாதிரி கொதிச்சுது, தாடை கிட்டிப்போச்சு, கை கால் வெட்டி வெட்டி இழுத்துது. விடியறதுக்குள்ள முடிஞ்சுது. அவன் வாந்தியும் எடுத்தான். மாத்திரை வயித்துலயா இருக்கு, ரத்தத்துலதானே இருக்கு."

"அப்போ நாளைக்கே நிறுத்திடறேன்."

"அது வேற ஆபத்து. குடுத்த டாக்டரைக் கேக்காம நிறுத்தாதே. அவர் நிறுத்தச் சொன்னாலும் ஒண்ணரை மாசம் ஆனப்புறம்தான் இந்தப் பக்கம் வரணும்."

"அப்போ நான் கிளம்பட்டுமா?" நொல்பெர்த்தோ எழுந்தான்.

"யாரு போகச் சொன்னா? எங்கம்மா காலத்துல நோயாளிக்கு ஊத்தவே மாட்டாங்க. வைத்தியம் பாக்கறவதான் குடிப்பா, நோயாளி படுத்திருப்பான். இப்போதான் ஆளாளுக்குத் தானே பாக்கணும்னு ஆசை. படு."

கோப்பையை அவளே குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். வெகுநேரம் கழித்துப் பாட ஆரம்பித்தாள். செல்சோ வாந்தி வாளியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். நொல்பெர்த்தோ முதலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். பிறகு இந்தப் பக்கம் திரும்பினான். அதற்கும் பிறகு குறட்டை கேட்டது.

காலையில் மரக்காரர்களின் படகு கரையில் நின்று ஹாரன் அடித்தது.

"அத்தை, அந்த இருபது..."

"குடிச்ச ஆளுக்குத்தான் இருபது. அவன் குடிக்கலையே."

"சரிதான்."

அவள் மனசு இளகும் என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தான். அவள் வாளியைக் கழுவப் போய்விட்டாள். செல்சோ கரைக்குப் போய், தன் இடத்தில் வேறு ஆளை ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தான். நொல்பெர்த்தோ அவனுக்காகக் காத்திருக்காமல் கிளம்பிவிட்டான். ஆனால் போகும்போது மாத்திரை அட்டையைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டுதான் போனான்.

வியாழக்கிழமை செல்சோ பதினோராம் தடவையாகக் கொடி நசுக்கினான், விறகு பிளந்தான், புகையில் நின்றான். சாயங்காலம் கஷாயத்தை வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றி மூடினான். தெயோலிந்தா விரல் விட்டு எண்ணினாள்.

"முப்பதுல இருபது போக, பத்து."

பாவாடை இடுப்பு முடிச்சை அவிழ்த்து இரண்டு அஞ்சு சோல் காசை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இனி எனக்கும் உனக்கும் ஒண்ணும் இல்லை. போ."