வச்சலாவின் ரவிக்கை

1954 தை மாதம் கன்னியம்மா, பள்ளிக்கூட வாத்தியார் மனைவியான என்னிடம் தையல் கற்றுக்கொள்ள வந்தாள். புதுப்பட்டினம் குப்பத்தில் மீன் விற்பவள். வயது நாற்பத்தைந்து இருக்கும். அவள் வயதுக்காரிகள் அங்கே யாரும் ரவிக்கை போடுவதில்லை. தான் ஒரு நாளும் போட்டறியாத ரவிக்கையைத் தைக்க வேண்டும் என்றுதான் வந்தாள்.

அவள் மகள் வச்சலா செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் குஷ்டரோக ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷமாக இருந்தாள். நோய் அடங்கிவிட்டது, வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விரல்கள் மட்டும் மடங்கியது மடங்கியதுதான்.

“என் வூட்டுக்காரரு ஒரே பேச்சா சொல்ட்டாரு, வாத்தியாரூட்டம்மா. அவ துணிய அவளே மாட்டிகினா வரட்டும், நீ தொட்டு மாட்டிவுடற வேலையெல்லாம் வேணாம்னு. பொடவைய எப்டியோ சுத்திக்கிறா. ரவிக்கைக்குக் கொக்கி போடத்தான் ஆளு வேண்டிகீது.”

“டெய்லர்கிட்ட வேற மாதிரி தைக்கச் சொல்லலாமே.”

“யாருக்குன்னான். சொன்னேன். துணியக் கீழ வெச்சிட்டான்.”

எனக்கும் யோசனையாகத்தான் இருந்தது. வச்சலா போட்டுப் பார்த்த துணியை வெந்நீரில் கொதிக்கவைத்துத்தான் என் மெஷினுக்குக் கொண்டுவர வேண்டும் என்றேன். கன்னியம்மா தலையாட்டினாள். ஆஸ்பத்திரியில் தினமும் மகள் தலையை வாரிவிடும் நர்ஸைப் பற்றி அவள் பிறகு சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அளவெடுக்க டேப் கொடுத்தேன். எண் தெரியாது என்று, மாதம் ஒரு தடவை மகளைப் பார்க்கப் போகும்போது வலைக் கயிற்றைக் கொண்டுபோனாள். மார்பு, தோள், கை என்று ஒவ்வோர் அளவுக்கும் கயிற்றில் ஒரு முடிச்சு. வலைக்காரர் வழக்கம் அது. முடிச்சு தின்ற கயிற்றை அவள் சேர்க்கவில்லை. எல்லா அளவும் அரை அங்குலம் குறைந்து, முதல் ரவிக்கை வச்சலாவின் தோளிலேயே ஏறவில்லை.

“எனக்கு இது வராதும்மா. வலையில கண்ணி போச்சுன்னா அறுத்துட்டு வேற போடுவோம். பிரிக்கறதெல்லாம் எங்களுக்குத் தெரியாது.”

“தெரியலேன்னா தெரிஞ்சுக்கோ.”

ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகக் கிளப்பிக் காட்டினேன். பிரித்தாள். ஓரம் விட்டு, வேறு துணி ஒட்டித் தைத்தாள். கோணலாகப் போயிற்று, மறுபடி பிரித்தாள். மாசி மாதம் அளவு சரியாக இருந்தது. கொக்கிக்குப் பதில் நாடா வைத்திருந்தாள்.

“ஒரு நாடாவப் பல்லால கவ்விகினா. இன்னொண்ணுக்கு யாரு பல்லு?” என்று சொல்லிச் சிரித்தாள். அதையும் பிரித்தாள்.

அடுத்து, மரத்துண்டைச் சீவி, துணி வளையத்துக்குள் செருகும்படி வைத்தாள். கந்தையால் தன் விரல்களை மடக்கிக் கட்டிக்கொண்டு, என் உள்ளறையில் உட்கார்ந்து அதைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு வந்தது. மகளுக்கு வரவில்லை. வச்சலாவின் விரல் நுனியில் உணர்ச்சியே இல்லை என்பதை நாங்கள் இருவருமே நினைக்கவில்லை.

“இந்த மாசமும் அவளுக்கு மாட்ட வரல, வாத்தியாரூட்டம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷின் முன் உட்கார்ந்தாள்.

வைகாசியில் தைத்ததில் கொக்கியும் இல்லை, நாடாவும் இல்லை. கழுத்தை அகலமாக வெட்டி, தலைவழியாக இறங்கும்படி செய்திருந்தாள். அன்று ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். வச்சலா திரைக்குப் பின்னால் போனாள். கன்னியம்மா இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தாள். பிறகு வச்சலா தானே போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

“இன்னாம்மா இது, கொயந்த சட்டையாட்டம் கீது.”

“இர்க்கட்டும். நீ இன்னா கெயவியா?”

அன்று சாயங்காலமே கன்னியம்மா புருஷன் தாண்டவராயனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் வலையை விரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

“ரவிக்கைய அவளே மாட்டிகினா. இனி இட்டுகினு வரலாம்.”

“சின்னவளுக்கு மாப்ள பாத்துகினு கீறோம். பெரியவ வூட்ல இருந்தா எவன் வருவான்?”

“மாட்டிகினா வரட்டும்னு நீதான சொன்ன?”

“அவ மாட்டிக்க மாட்டான்னு நெனச்சேன்,” என்றானாம், தலையைத் தூக்காமல்.

அடுத்த மாதம் இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வழி முழுக்க என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் உள்ளது உள்ளபடியே சொன்னாள். வச்சலா எங்களைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப இன்னும் ரெண்டு தெச்சிக் குடும்மா,” என்றாள். “இங்கியே இருக்கறதுன்னா, மாத்திக்க வேணுமில்ல.”

திரும்பும்போது செங்கல்பட்டுக் கடையில் கன்னியம்மா இரண்டு கஜம் துணி வாங்கினாள். நீலத்தில் வெள்ளைப் பூ. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை மடிப்பை நீவிக்கொண்டே வந்தாள்.

“இந்தவாட்டி கைய ஒரு வெரக்கட எறக்கி வெக்கணும்,” என்றாள் பிறகு. “தூக்கறப்போ அக்குள்ல புடிக்குது அவளுக்கு. நான் பாத்தேன்.”

எவ்வளவு இறக்கம் என்று விரலை வைத்துக் காட்டப் போனவள், துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.