ரப்பர் டிராக்

பெரியப்பா வின்ஸ்டன் போன் செய்தபோது அருள்செல்வி கோவை ராமநாதபுரத்தில் செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலையாக இருந்தாள். அவள் செய்துகொடுத்த டாங்க் பொம்மையை யாரோ பாழாக்கிவிட்டார்கள் என்றார்.

ராணுவத்தில் டாங்க் ஓட்டியவர் அவர். ஓட்டிய அதே ரகத்தை ஒரு சாண் நீளத்துக்குப் பிளாஸ்டிக்கில் ஒட்டி, வண்ணமடித்து அவர் பிறந்தநாளுக்குக் கொடுத்திருந்தாள். சக்கரங்களைச் சுற்றி மாட்டும் டிராக், பாகங்கள் வந்த பெட்டியில் இரண்டு விதமாக இருந்தது. ஒன்று கண்ணி கண்ணியாகக் கோர்க்கவேண்டிய பிளாஸ்டிக். மற்றது இழுத்து மாட்டினால் போதும் என்கிற ரப்பர் பட்டை. பிறந்தநாள் நெருங்கிவிட்டதால் பட்டையையே மாட்டினாள். பட்டையில் மிஞ்சிய துண்டை, நிஜ டாங்கில் உதிரி டிராக் வைப்பதுபோல் முன்பக்கத்தில் செருகிவைத்தாள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் கருமத்தம்பட்டியில் அவர் வீட்டுக்குப் போனாள். அலமாரியிலிருந்து டாங்கை எடுத்துப் பார்த்தாள். சக்கரங்கள் மெழுகாய் உருகிப் பட்டையோடு ஒட்டிக் கிடந்தன.

மருமகள் மெர்சி ஏதோ திராவகத்தால் துடைத்துவிட்டாள் என்பது பெரியப்பாவின் முடிவு. இல்லை என்று அவள் அழுதும் அவர் நம்பவில்லை. அவள் சமைத்ததைத் தொடாமல் ஒரு மாதமாகக் கடையில் சாப்பிடுகிறார். மகன் மஸ்கட்டிலிருந்து சொல்லியும் கேட்கவில்லை. இதெல்லாம் இப்போதுதான் அருள்செல்விக்குத் தெரியவந்தது.

டாங்கை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். உடம்பில் ஒரு கறைகூட இல்லை. முன்பக்கத்துத் துண்டை நெம்பி எடுத்தாள். அதன் அடியிலும் அதே குழி, அதே பிசுபிசுப்பு. பட்டை தொட்ட இடம் மட்டும்தான் உருகியிருந்தது.

"பெரியப்பா, இது அண்ணி செஞ்சதில்லீங்க," என்றாள். "நான் மாட்டுன ரப்பர்ல இருக்கற எண்ணெயே நாளாக ஆகப் பிளாஸ்டிக்க அரிச்சுப்போட்டுதுங்க."

அவர் குழியை விரலால் தடவினார். மறுபடி தடவினார். நாற்காலியில் உட்கார்ந்தார். சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"சோறு இருக்குதா கண்ணு?"

மெர்சி தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

சக்கரம் மாற்றுவதற்காக டாங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு அருள்செல்வி கிளம்பினாள். பஸ் நிறுத்தம்வரை மெர்சி கூடவே வந்தாள்.

"நாளைக்கு எங்கம்மா ஊட்டுக்கே போயர்லாம்னு பெட்டியெல்லாம் கட்டி வெச்சுட்டேன் அருளு," என்றாள். "இன்னும் பிரிக்கல."

பஸ் வந்து நின்றது. அருள்செல்வி ஏறவில்லை.