தீர்த்தக் கிணறு

என் அக்கா மரிய செலின் தண்ணீரைப் படித்தவள். நகரத்தில் விழும் மழையைச் சாக்கடைக்கு விடாமல் எப்படிப் பூமிக்குள் இறக்குவது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. கல்யாணம் காட்சி எல்லாவற்றையும் அதற்கே தாரை வார்த்துவிட்டாள். வெளிநாட்டுக்கெல்லாம் கூப்பிடுவார்கள். போய்ப் பேசிவிட்டு, மறுபடியும் வில்லியனூர்ப் பக்கம் எங்கள் ஊரில்தான் வந்து நிற்பாள். "பள்ளம் தோண்டவா இம்மாம் படிச்ச?" என்று நான் கிண்டல் செய்வேன்.

எங்கள் மாதா கோயில் கிணறு உப்புக் கரித்துப் பல வருஷம் பாழாய்க் கிடந்தது. ஊருக்குக் கிழக்கே புதிதாய் முளைத்த மனைகளின் மாடி மழைநீரைக் குழாயில் சேர்த்து, மணலிலும் ஜல்லியிலும் வடிகட்டி, கிணற்றோரம் பூமிக்குள் இறக்கினாள் அக்கா. இரண்டு மழைக்காலத்தில் தண்ணீர் இனித்தது. பங்குச் சாமியார் மந்திரித்த உப்பைப் போட்டு ஜெபம் சொன்னார். அக்காதான் முதல் ஆளாய் மொண்டு குடித்தாள். அவ்வளவுதான், அன்றிலிருந்து அது எங்கள் சனத்துக்குத் தீர்த்தம். காய்ச்சக் கூடாது, மருந்து போடக் கூடாது. குளோரின் பொடியோடு வந்த ஆளைப் பெண்கள் கோயில் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

என் மனைவி ரோஸி மேரிக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது தங்கியதும், பிள்ளை பிறக்கும்வரை அந்தத் தீர்த்தத்தைத் தவிர வேறு தண்ணீர் குடிப்பதில்லை என்று மாதாவுக்குப் பொருத்தனை செய்துகொண்டாள். பாவம், நம்பிக்கை அப்படி.

அவளுக்கு ஏழு மாதம் ஆனபோது, கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்த கையோடு அக்கா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. புது மனைகளில் எவனோ கக்கூஸ் தொட்டி நிரம்பி வழிவதை மழைநீர்க் குழாயில் கோத்துவிட்டிருந்தான். கட்டையில போறவன், அவனுக்கு வேலை சுலபமாய் முடிந்தது. அந்த நாற்றமெல்லாம் எங்கள் கிணற்றில் ஊறிக்கொண்டிருந்தது. குழாயை அடைத்தாலும் ஊறினது போக மாசக்கணக்காகும்.

"ரோஸி, இனிமே அந்தத் தண்ணி வேணாம்மா. மஞ்சக்காமாலை வரும். மாசமா இருக்கறவங்களுக்கு வந்தா உயிருக்கே ஆபத்து" என்றாள் அக்கா.

"நீங்கதான அண்ணி மொதல்ல குடிச்சீங்க?"

"அப்ப நல்லா இருந்துச்சு."

"பொருத்தன அண்ணி. மீறினா புள்ள தங்காது."

நான் கத்தினேன். சொம்பைப் பிடுங்கினேன். அவள் அன்று முழுக்க ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் உதடு வெடித்துக் கிடந்தாள். என் மாமியார் பவுனம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "புள்ளத்தாச்சிய தாகத்துல சாவடிக்கப் போறீங்களா மாப்ள?" என்றார்.

அக்கா சாமியாரிடம் ஓடினாள். அவரும் ஞாயிற்றுக்கிழமை பூசையில் எடுத்துச் சொன்னார். ஊர் தலையை ஆட்டிக் கேட்டது. பூசை முடிந்ததும் குடத்தோடு கிணற்றடியில் வரிசை கட்டியது. மாமியாரும் நின்றார்.

அப்போதுதான் அக்கா அதைச் செய்தாள். வண்டியிலிருந்து டீசல் கேனைத் தூக்கிவந்து, யாரும் சுதாரிப்பதற்குள் கிணற்றில் கவிழ்த்தாள். தான் பெற்றதைத் தானே கொல்வதுபோல் அழுதாள். மாமியார் அவளைக் கன்னத்தில் அறைந்தார். அக்கா வாங்கிக்கொண்டாள். அந்த வாரமே அவளை ஆராய்ச்சி நிலையத்து வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஊர்க் கிணற்றைக் கெடுத்த விஞ்ஞானி என்று பேப்பரில் போட்டார்கள்.

டீசல் மிதக்கும் தண்ணீரை எப்படிக் குடிப்பது? ரோஸி மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் காய்ச்சிய தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். காலையில் எழுந்தவளின் கண் மஞ்சளாக இருந்தது. அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "முன்னாடி குடிச்சதுடா. உள்ள எறங்கி வாரக்கணக்குல இருந்துட்டுதான் வெளிய காட்டும்" என்றாள். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தையை வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். ரோஸி கண் திறக்கவேயில்லை.

ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தீர்த்தத்தில் டீசல் ஊற்றிய பாவம், பொருத்தனையை மீறவைத்த பாவம். அடக்கத்துக்கு அக்காவைக் கல்லறைக்குள் விடவில்லை. மதிலுக்கு வெளியே நின்று மண் விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போனாள்.

அப்புறம் கிணற்றை இறைத்துக் கழுவினார்கள். மந்திரித்த உப்பை அவர்களே போட்டுக்கொண்டார்கள். அந்தக் கக்கூஸ் குழாயை மட்டும் எவனும் தொடவில்லை.

நேற்று மாமியார் குழந்தைக்குப் பால்பொடி கரைத்தார். எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். "இன்னா கேள்வி இது? தீர்த்தம்தான்" என்றார். பாட்டிலைப் பிடுங்கிக் கீழே கொட்டினேன்.

"உங்கக்கா எம்மவளக் கொன்னது போதாதா? இதுவும் சாவணுமா?"

"அந்தத் தண்ணிதான் அத்தை கொன்னுச்சு."

அவர் மறுபடியும் தீர்த்தக் குடத்தைச் சாய்த்தார். குழந்தை வீறிட்டு அழுதது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"வூட்டுக்குள்ள என்ன வுடுவாங்களாடா?" என்றாள்.

"தெருமுனையில நில்லுக்கா. நான் வரேன்."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு நின்றாள் அக்கா. பெண்கள் குடத்தோடு அவளை விட்டு விலகிக் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்திக்கு ஆறு மாதம் இருக்கும். "வேணாம்மா" என்றாள் அக்கா. அந்தப் பெண் காறித் துப்பிவிட்டு நடந்தாள்.