லிப்ட்காரர் கேட்டு வாங்கிய சீட்டு

நீதிமன்றக் கட்டடத்தில் பத்தொன்பது வருஷம் லிப்ட் ஓட்டியவரை ஒரு நாள் காலையில் இனிமேல் வராதே என்றார்கள். வேலையைத் திரும்ப வாங்க அதே கட்டடத்திலேயே வழக்குப் போட்டார். அரசாங்க ஊழியர் வழக்கு இரண்டாம் மாடி. தனியார் தொழிலாளி வழக்கு நாலாம் மாடி.

இரண்டாம் மாடியில், "நீ கான்ட்ராக்டர் ஆளு, மேல போ" என்றார்கள். நாலாம் மாடியில் கான்ட்ராக்டரின் வக்கீல், "சம்பளத்தைக் கொடுத்ததோட சரிங்க. வேலை வாங்கினது இந்த ஆபீஸ்தான். கீழ போகச் சொல்லுங்க" என்றார்.

தினமும் இரண்டு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் அவர். கான்ட்ராக்டருடையது பத்திரமாக இருந்தது. ஆபீசுடையதைக் கரையான் அரித்துவிட்டதாம்.

"எந்த நோட்டைத் தின்னணும்னு கரையானுக்குக்கூடத் தெரியுது" என்றார் மனைவியிடம்.

"உங்களுக்குத்தான் ஒரு காகிதம் எடுத்து வைக்கத் தெரியல."

அன்றைக்கும் ஏறி இறங்கி முட்டி கழன்றுபோய் மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். நிர்வாக அதிகாரி தலைதெறிக்க ஓடி வந்தார்.

"யோவ், எழுந்திரு! லிப்ட் நடுவுல நின்னுபோச்சு. ரெண்டாம் மாடி நீதிபதி உள்ள இருக்காரு. புதுப் பையன் முழிக்கிறான்."

"கான்ட்ராக்டரைக் கூப்பிடுங்க சார். நான் யாரு இதுக்கு?"

"விளையாடாதய்யா. சக்கரத்தைச் சுத்தி இறக்க உனக்குத்தானே தெரியும்?"

"எழுதிக் கொடுங்க. இத்தனை வருஷமா வாயாலயே வேலை வாங்கிட்டீங்க."

உள்ளே நீதிபதி கதவைத் தட்டினார். அதிகாரி பதறிப்போய்க் கிறுக்கினார்: 'இவ்வலுவலக லிப்ட் இயக்குபவர் உடனே லிப்டை இறக்கவும்.' கையெழுத்துப் போட்டு, சட்டைப் பையிலிருந்த முத்திரையையும் குத்திவிட்டார். எந்தக் காகிதத்தையும் முத்திரையில்லாமல் விட்டுப் பழக்கமில்லாத கை அது.

லிப்ட்காரர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். மடித்துப் பையில் வைத்தார். மொட்டை மாடிக்கு ஏறி, மின்சாரத்தை நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றினார். தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. நீதிபதி இரண்டாம் மாடியில் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் அறைக்குள் போய்விட்டார்.

இரண்டாம் மாடி வழக்குப் பிரிவுப் பியூன் சீட்டை வாங்கிப் பார்த்தான்.

"அண்ணே, மாட்டிக்கிட்டாருண்ணே உங்க ஆபீசர்! இதை வச்சு இங்கயே மறுபடி மனுப் போடலாம். ஆனா முதல்லேருந்து ஆரம்பிக்கணும். ஒரு வருஷம் இழுக்கும்."

"ஜெயிக்குமா?"

"அது தெரியாது. மேல போன்னு மட்டும் இனிமே சொல்ல முடியாது."

"அது போதும். என் முட்டிக்கு ரெண்டு மாடி மிச்சம்."

"கீழ போக லிப்ட் வருதுண்ணே, ஏறிக்குங்க."

"அந்தப் பையன் ஓட்டுறதுலயா?" என்று சீட்டைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு, கைப்பிடியைப் பற்றிப் படியில் இறங்கினார்.