இன்னும் அழகாகத் தெரியவில்லை

எழுபத்தெட்டாம் ஆண்டு வெசாக் பண்டிகைக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, யசவதி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று "என்ன அழகான கொடி" என்று சொன்னாள். மறுநாள் காலை பத்து மணிக்குள் பியதிலகவின் எண்ணூறு வெற்றிலைக் கொடிகளும் நுனியிலிருந்து அடிவரை கருகி முடிந்தன. அந்த வாரம் குளியாப்பிட்டிச் சந்தையில் வெற்றிலை விலை ஏறியது. விவசாய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து மண்ணையும் வேரையும் இரண்டு பைகளில் எடுத்துப் போனார். மண்ணில் குறையில்லை, வேரில் பூஞ்சை இல்லை என்று மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கிரில்லவெவ ஊருக்கு அந்தக் கடிதம் தேவைப்படவில்லை. அங்கே நாவூறு புதிதல்ல. புதுவீடு கட்டினால் வாசலில் கோணல்முகப் பொம்மை தொங்கும். மாடு கன்று போட்டால் தேசிக்காய் வெட்டிக் கண்ணேறு கழிப்பார்கள். மற்றவர்கள் வாய் பட்டால் ஒரு குலைத் தேங்காய் உதிரும். யசவதியின் வாய் பட்டால் ஒரு தோட்டமே போகும். அளவுதான் வித்தியாசம்.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. ஊர் யோசித்துப் பார்த்தபோது பழையவையும் கணக்கில் சேர்ந்தன. வீட்டுப் பின்புற முருங்கை, பள்ளிக்கூட வாத்தியாரின் கையெழுத்து. அவள் அதைப் புகழ்ந்த நாளிலிருந்து வாத்தியாரின் வலது கை நடுங்கியது. ஆனால் ஒரு விதிவிலக்கு இருந்தது. மில் முதலாளி ஒருவர் தன் மைத்துனரின் புது மாடிவீட்டைக் காட்டி, ஒரு வார்த்தை சொல்லும்படி கெஞ்சினார். பச்சையும் ஊதாவும் அடித்த வீடு. "நல்லா இருக்கு" என்று சொல்லிவைத்தாள். வீடு இன்றுவரை நிற்கிறது. அவளுக்கு உண்மையிலேயே அழகாகத் தெரிந்தால்தான் வார்த்தை வேலை செய்யும் என்று ஊர் புரிந்துகொண்டது. அவளுடைய கெட்ட நேரம், பெரும்பாலானவை அவளுக்கு அழகாகத் தெரிந்தன. சேற்றில் புரளும் எருமை, ஈரத்தில் ஊறிய தென்னந்தும்புத் தூள், பஸ் நடத்துநர் விரலிடுக்கில் நோட்டு மடிக்கும் விதம், எல்லாம்.

அடுத்த வெசாக்குக்கு வாலிபர் சங்கத்தார் அவளை வேனில் ஏற்றிப் பக்கத்து ஊரின் மின்விளக்குத் தோரணத்தைக் காட்டக் கூட்டிப் போனார்கள். "ஏசச் சொல்லலையே அக்கா, புகழத்தானே சொல்றோம். அதுல என்ன பாவம்?" என்று சங்கச் செயலாளர் கேட்டார். அவள் மறுக்கத்தான் நினைத்தாள். ஆனால் மூவாயிரம் பல்புகளும் ஒன்றாக எரிந்தபோது அவள் வாய் தானாகத் திறந்துவிட்டது. மூவாயிரமும் வெடித்தன. தோரணப் போட்டியின் முதல் பரிசு கிரில்லவெவயின் தோரணத்துக்குக் கிடைத்தது. வேனில் திரும்பும்போது சங்கத்தார் பாட்டுப் பாடினார்கள். யசவதி இறங்கி நேரே பன்சலைக்கு, ஊர் பௌத்த விகாரைக்குப் போனாள்.

பன்சலையின் தலைமைப் பிக்குவான பெரிய ஹாமுதுரு வெற்றிலைப் பிரியர். "பியதிலகவோட கொடியில என் பங்கும் இருந்துச்சு, உபாசிகம்மா" என்றார் முதலில். பிறகுதான் உட்காரச் சொன்னார்.

"இனிமே எதைப் பார்த்தாலும் அழகில்லன்னே சொல்லிடட்டுமா, ஹாமுதுருவே?"

"அழகா இருக்கிறதை அழகில்லன்னு சொன்னா, அது பொய். நாலாவது சீலம் போச்சு."

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"வாயை மூடிக்கிறது பொய்யில்லையே" என்றார். சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, இவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தவர் போலத் தலையைத் தடவிக்கொண்டார்.

அன்று அவள் ஐந்து சீலங்களையும் வாங்கினாள். ஊரில் எல்லோரும் முழுநிலாப் போயா தோறும் வாங்குவதுதான். கொல்லமாட்டேன், களவெடுக்கமாட்டேன் என்று பாளி மொழியில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து பாற்சோறு சாப்பிட்டு, மறுநாள் கொசுவை அடிப்பார்கள். யசவதிக்கு அந்த வசதி இல்லாமல் போனது. காட்டுப்பன்றி வயலை மேய்ந்தபோது, "பன்றியை மட்டும் ஒரு தடவை புகழுங்க" என்று விவசாயிகள் வந்தார்கள். பன்றிக்குட்டிகளின் முதுகுக் கோடுகளை அவள் பார்த்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. அந்தப் போகத்தில் மூன்று ஏக்கர் நெல் போனது. ஊர் அதை மறக்கவில்லை.

எண்பத்திரண்டில் அவளுடைய தம்பி ஜயதிஸ்ஸவின் மனைவி சிறியலதாவுக்கு இன்னுமொரு பெண் குழந்தை பிறந்து, நாற்பத்தோராம் நாள் காய்ச்சலில் இறந்தது. யசவதி அந்தக் குழந்தையை ஒரே ஒருமுறை, ஆறடி தள்ளி நின்று பார்த்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இழவு வீட்டு வெள்ளைக்கொடி அவிழ்க்கப்படுமுன்பே சிறியலதா கிணற்றடியில் சொன்னாள்: "'இதுக்கு என்ன கண்ணு'ன்னு சொன்னா. என் காதாலேயே கேட்டேன்." சிறியலதாவின் வாய்க்குச் சக்தி எதுவும் கிடையாது, அது எல்லோருக்கும் இருப்பது போன்ற வாய். ஒரே வாரத்தில் யசவதிக்கு ஊரே இல்லாமல் போனது. அவள் மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமானால் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேச வேண்டும். குழந்தை அழகாக இருந்தது என்பதுதான் உண்மை. இறந்த பிறகும் அதைச் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது.

ஜயதிஸ்ஸ குளக்கட்டின் கோடியில் அவளுக்கு ஓர் அறை கட்டிக் கொடுத்தான். மாதம் ஒருமுறை அரிசியை வாசலில் வைத்துவிட்டுப் போவான். அவள் ஈர்க்குமாறு கட்டிப் பிழைத்தாள். ஈர்க்குமாற்றை யாரும் அழகு பார்த்து வாங்குவதில்லை என்பதால் அந்தத் தொழில் அவளுக்குத் தோதாக இருந்தது. கர்ப்பிணிகள் குளக்கட்டை விட்டு வயல்வழியாகச் சுற்றிப் போனார்கள். வெற்றிலைக்காரர்கள் கேட்டுக்கொண்டதால், தோட்டங்கள் தெரியும் மேற்கு ஜன்னலில் பலகை அடிக்கப்பட்டது. பதினொரு வருடத்தில் அவள் வாய்விட்டுப் பேசியது முழுநிலவிடம் மட்டும். போயாவன்று அது குளத்துக்கு மேலே வந்ததும், "நல்லா இருக்கே" என்பாள். எப்படியும் மறுநாள் அது தேயத்தான் போகிறது. யாரும் அவள்மேல் பழி சொல்ல முடியாது.

தொண்ணூற்று மூன்றில் சிறியலதாவின் கழுத்தில் கட்டி வந்தது. முதலில் பாக்களவு இருந்தது, பிறகு விளாங்காய் அளவு. கீழே அழுத்தி மூச்சுக்குழலைத் தள்ளுகிறது, சீக்கிரம் வெட்ட வேண்டும், வெட்டினால் குரல் போனாலும் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு நாளில் அறுபது பேரோடாவது பேசாவிட்டால் சிறியலதாவுக்குச் சோறு இறங்காது. ஒரு காலை அவள் குளக்கட்டு வழியே வந்து, யசவதியின் வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"வரக்கூடாதவதான். வந்துட்டேன், மச்சாள். இந்தச் சனியனைக் கொஞ்சம் புகழ்ந்து விடுங்க."

யசவதி பன்சலைக்குப் போய், கட்டியைக் கருக்கினால் முதல் சீலம் உடையுமா என்று கேட்டாள். ஹாமுதுருவுக்கு இப்போது பல் இல்லை. வெற்றிலையை உரலில் இடித்துக்கொண்டிருந்தார். "கட்டிக்கு உயிர் இருக்கான்னு எனக்குத் தெரியாது. கேட்டு வந்தவளுக்கு இருக்கு" என்றார்.

கட்டி அழகாகத் தெரிய வேண்டும். அதுதான் சிக்கல். முதல் வாரம் தெரியவில்லை. சிறியலதா தினமும் காலை எட்டரைக்கு வந்து, பாயில் உட்கார்ந்து, முகவாயைத் தூக்கிக்கொள்வாள். யசவதி எதிரே இருந்து பார்ப்பாள். ஈர்க்கு சீவியபடி பார்ப்பாள்.

"இன்னும் அழகாத் தெரியலையா?"

"இல்ல."

"இந்தப் பக்கமாத் திரும்பட்டா? வெளிச்சம் படும். பெண்பார்க்க வந்தப்பகூட உங்க தம்பி என்னை இவ்வளவு நேரம் பார்க்கல, மச்சாள். ரெண்டு கொக்கிஸ் பலகாரம் தின்னுட்டுச் சரின்னுட்டாரு."

பேசாமல் இருக்கத் தெரியாதவள் என்பதால் எல்லாவற்றையும் பேசினாள். பியதிலகவின் மகன் கொரியாவுக்குப் போனது, சங்கச் செயலாளர் கச்சான் கடலைக்குப் பயந்து பல்செட்டைக் கழற்றி வைப்பது, தன் மூத்த மகளுக்கு வரும் சம்பந்தங்கள், மாசிக்கருவாட்டில் கலப்படம். பதினொரு வருட ஊர்ச்செய்தி பாயில் வந்து குவிந்தது. யசவதிக்கு முதலில் காது வலித்தது. பத்தாம் நாள் எட்டேகாலுக்கே பாயை விரித்து வைத்தாள். பதினெட்டாம் நாள், சிறியலதா ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே எச்சில் விழுங்கியபோது, கட்டி மேலே ஏறிக் கீழே இறங்குவதை யசவதி கவனித்தாள். அதன் மேல் தோல் மெல்லியதாக, இளங்கொழுந்தின் அடிப்பக்கம் போல நரம்போடி இருந்தது. அத்தனை பேச்சையும் அது தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் கூடவே எழுந்து உட்கார்ந்தது. அழகாகத்தான் இருந்தது.

"தெரியுதா, மச்சாள்?"

"இன்னும் தெரியல" என்றாள் யசவதி.

சொல்லிவிட்டால் நாளைக்குப் பாய் விரிக்க வேண்டியிருக்காது. அவள் யோசித்தது அவ்வளவுதான். பத்தொன்பதாம் நாளும் தெரியவில்லை என்றாள். இருபதாம் நாளும். அந்த இரண்டு நாளில் கட்டி மட்டுமல்ல, கழுத்தின் மூன்று மடிப்புகளும், உடைந்த முன்பல்லும், கரகரத்த குரலும் அழகாகத் தெரிய ஆரம்பித்தன. அது அவளுக்குக் கடும் பயத்தைக் கொடுத்தது. ஒரு வார்த்தை இடம் தவறி விழுந்தால் ஆளே கருகிவிடுவாள். இருபத்தோராம் நாள் சிறியலதா குளக்கட்டில் நான்கு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தாள். உதடு நீலமாக இருந்தது. அன்று முதல்தடவையாக அவள் ஒன்றும் பேசவில்லை.

யசவதி தான் சீலம் எடுக்கும்போது உடுத்தும் வெள்ளைச் சேலையைக் கொண்டுவந்து, நடுவே கத்தரிக்கோலால் சிறு தட்டளவு வட்டம் வெட்டினாள். சிறியலதாவைத் தலைமுதல் கால்வரை அதனால் மூடி, கட்டி மட்டும் ஓட்டைக்குள் தெரியும்படி இழுத்துவிட்டாள். பிறகு கட்டியின் மேல் விரல் நுனியை வைத்தாள். "இது" என்றாள். நன்றாகக் குறிவைப்பதற்காக மறுபடியும் "இது மட்டும்" என்றாள். "இது ரொம்ப அழகா இருக்கு."

உடனே இரு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவிட்டாள்.

மத்தியானத்துக்குள் கட்டி சுருங்கியது. சாயங்காலம் அது காய்ந்த நெல்லிக்காய் போல இருந்தது. மறுநாள் குளிக்கும்போது உதிர்ந்து விழுந்தது. தோலில் தழும்பில்லை. மருத்துவர் ஏட்டில் எதையும் எழுதாமல் மூடி வைத்தார். சிறியலதா ஒரு சீப்பு வாழைப்பழமும் புதுச்சேலையும் கொண்டுவந்தாள். யசவதி வாங்காமல் நின்றாள்.

"நான் மூணு நாள் பொய் சொன்னேன். பதினெட்டாம் நாளே தெரிஞ்சது. நீ வராமப் போயிடுவேன்னு சொல்லல. மூச்சு நின்னிருந்தா?"

சிறியலதா அவளைப் பார்த்தாள். பிறகு உடைந்த பல் தெரியச் சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் அது வேறாக மாறியது. "மூணு நாளா?" என்றாள். "நான் பதினொரு வருஷமாச் சொல்லிட்டு இருக்கேன், மச்சாள்."

அடுத்த போயாவன்று சீலம் கொடுத்து முடிந்து, ஹாமுதுரு பிரசங்கத்துக்குத் தொண்டையைச் செருமும்போது, வெள்ளை உடுத்திய எண்பது பேருக்கு நடுவே சிறியலதா எழுந்து நின்றாள். "என் குழந்தையைப் பார்த்து மச்சாள் ஒண்ணும் சொல்லல. நான் சொன்னது பொய்" என்றாள். ஊரின் பாதிக் காதுகளுக்குச் செய்தி கொண்டுபோன அதே குரல்தான். ஹாமுதுரு அன்றைய பிரசங்கத்தை வேண்டாமென்று விட்டுவிட்டார்.

மன்னிப்புக் கேட்க யாரும் குளக்கட்டுக்கு வந்ததாகத் தெரியவில்லை. சிறியலதா மட்டும் செவ்வாயும் சனியும் வந்தாள், பேசினாள், யசவதி கேட்டாள். மூத்த மகளின் கல்யாணத்தன்று மெரூன் நிறச் சேலையோடு வந்து வாசலில் நின்றாள். "எப்படி இருக்கேன், மச்சாள்?" யசவதி உதடுகளை இறுக்கி மூடி, முகத்தைக் குளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள். கன்னம் நடுங்கும் அளவுக்கு இறுக்கியிருந்தாள். சிறியலதா அப்படியே நின்றாள், காதுவரை சிவந்து. பிறகு கல்யாண வீட்டுக்குப் போய், வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். மணப்பெண்கள் வந்தார்கள். புது ட்ராக்டர் வந்தது. தாய்மார் நாற்பது நாள் கழிந்த குழந்தைகளை ஆறடி தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யசவதி "எப்பப் பொறந்தது?" என்றோ "பால் குடிக்குதா?" என்றோ கேட்டுவிட்டால் அவர்கள் முகம் வாடிப் போகும். அவள் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினால் கும்பிட்டுவிட்டு நிறைவோடு வீடு திரும்புவார்கள். கேட்டவர்களுக்கு இப்படிக் கிடைத்தது. அவளுக்குக் குளக்கட்டின் கோடியில் அந்த அறையும், செவ்வாயும் சனியும். வெளியூர்க்காரர்கள் அவளை ஊமை என்று நினைக்கிறார்கள். ஊரில் யாரும் அவர்களைத் திருத்துவதில்லை.

போன மார்கழியில் எட்டு நாள் விடாமல் பெய்தது. அது ஓய்ந்த பிறகு யசவதி குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மூன்று நாள் யாரோடும், சிறியலதாவோடுகூட, ஒரு வார்த்தை பேசவில்லை. குளம் நிரம்பிவிட்டது என்று ஊர் தெரிந்துகொண்டு, விதைநெல்லை ஊறப் போட்டது.