துடக்கு வீட்டுக் கோழி

என் தமையன் மார்க்கண்டு அண்ணைக்குக் கோழி என்றால் உயிர். இப்போது இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும், வரட்டும். அவருடைய பெண்சாதி பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்தியக் கோழி என் கூட்டிலிருந்துதான் போனது. அறுத்தவரும் அவரேதான். பிள்ளை பெற்றவளுக்கு ஈரலும் குழம்பும் போகும்; நெஞ்சும் தொடையும் அவருடைய இலைக்கு வந்துவிடும்.

ஆகவே தங்கை குணலட்சுமி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த உடனேயே நான் ஒரு கோழியை அடைக்கு வைத்தேன். அவளுடைய புருஷன் கொழும்பில் கடையில் நிற்கிறான். நான் கைம்பெண். அம்மா குணத்துக்குச் சீதனமாக எழுதிய வளவில் நாங்கள் இரண்டு பேரும்தான் இருந்தோம். அவளுடைய வயிறும் என் குஞ்சுகளும் ஒன்றாக வளர்ந்தன.

கோழி தானாக வளரும் என்று நினைப்பவர்கள் வளர்த்துப் பார்க்காதவர்கள். குறுணலும் தவிடும் மட்டும் போதாது. பழஞ்சட்டிக்குள் வைக்கோலையும் சாணியையும் நனைத்து வைத்து வேலியோரம் கவிழ்த்துவிடுவேன். விடிய நிமிர்த்தினால் கறையான் அப்பிக் கிடக்கும். தட்டிவிட்டால் குஞ்சுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடிவரும். பருந்துக்கும் கீரிக்கும் போக மிஞ்சியவற்றில் நல்ல பேடுகளைத் தெரிந்து வைத்தேன். முட்டைக்கு வராத பேடுதான் பத்தியத்துக்கு ஏற்றது. இறைச்சி மெத்தென்று இருக்கும்.

கோயில் திருவிழா முடிந்து, தீர்த்தமும் ஆன பிறகு பிள்ளை பிறக்கும் என்று எல்லோரும் கணக்குப் போட்டிருந்தோம். பிள்ளைக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கொடி ஏறியது. மறுநாள் காலை பிள்ளை பிறந்துவிட்டது, பெண்.

பிறந்த பாடு எனக்குத்தான் தெரியும். அச்சுவேலியிலிருந்து வந்த மருத்துவிச்சி மரியநாயகி இரண்டு கையாலும் போராடித்தான் இரத்தத்தை நிறுத்தினாள். குணம் வெளுத்துப்போய்க் கிடந்தாள். போகும்போது மரியநாயகி என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டாள்.

"கெதியாக் கோழி அடிச்சுச் சரக்குக்கறி காய்ச்சிக் குடு. கஞ்சியை நம்பி இருந்தியெண்டால் பாலும் வராது, இவளும் எழும்பமாட்டாள்."

எங்கள் ஊரில் கொடி ஏறினால் இறங்கும்வரை பதினைந்து நாளும் ஒரு வீட்டிலும் மச்சம் காய்ச்சக் கூடாது. மீன்காரி கூட இந்தப் பக்கம் வரமாட்டாள். அந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாற்றுகிறவர் யார்? கோயில் மணியம் பார்க்கிற எங்கள் மார்க்கண்டு அண்ணைதான். நான் அவருடைய பெண்சாதி மூலம் சேதி சொல்லி அனுப்பினேன். தீர்த்தம் முடியட்டும், அதுவரை பருப்பும் முருங்கையிலையும் கொடு என்று பதில் வந்தது.

கொடுத்தேன். ஒரு கிழமை கொடுத்தேன். குணம் இரண்டு வாய் விழுங்கிவிட்டுச் சுருண்டு படுப்பாள். குழந்தை சூப்பிச் சூப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வராமல் முகம் கறுக்கக் கத்தும். ஆட்டுப்பாலைத் துணித்திரியில் நனைத்து வாயில் வைத்தேன். குடித்ததைவிடக் கக்கியதுதான் அதிகம். நாளாக நாளாகக் கத்துவதற்கும் அதற்குப் பெலன் இல்லாமல் போனது. அந்தச் சத்தம் குறையக் குறைய நான் இரவில் எழும்பி எழும்பி அதன் மூச்சைப் பார்த்தேன். வெளியே கூட்டில் கொழுத்த பேடுகள் கொக்கரித்துக்கொண்டு நின்றன.

எங்கள் பகுதியில் கோழி வளர்ப்பது பெண், காய்ச்சுவது பெண். கழுத்தில் கத்தி வைப்பது மட்டும் ஆம்பிளை. ஒழுங்கையில் இருந்த ஆம்பிளைகளைக் கேட்டேன். ஒருவருக்குத் தோட்டத்தில் வேலை, ஒருவருக்குக் கைநோவு. சரி, இந்தக் கொடிக்குக் கட்டுப்படாதவன் ஒருவனைப் பிடிப்போம் என்று, இறைச்சி வெட்டுகிற யாகோப்புவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவன் பாவம், கத்தியையும் சுற்றிக்கொண்டு வந்தவன்தான். அண்ணை ஒழுங்கை முகப்பிலேயே அவனை மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதைக் கேட்டதும் எனக்குப் பயம் போய்விட்டது. கொடுவாக்கத்தியை எடுத்துக் கல்லில் தீட்டினேன்.

பேட்டுக்கு முதலில் தண்ணீர் பருக்கினேன். அண்ணை செய்வதைப் பார்த்திருக்கிறேன். கிணற்றடியில் வைத்து, இரண்டு சிறகையும் ஒரு காலாலும் அதன் கால்களை மற்றக் காலாலும் மிதித்துக்கொண்டு கழுத்தை இழுத்துப் பிடித்தேன். முதல் வெட்டுச் சரியாக விழவில்லை. அது பட்ட பாட்டைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. என் கையாலேயே கறையான் கொடுத்து வளர்த்த சீவன், கைதேர்ந்த ஒருவன் அறுத்திருந்தால் ஒரு நொடியில் போயிருக்கும். யாகோப்புவைத் திருப்பி அனுப்பிய புண்ணியவானை மனதுக்குள் ஆன மட்டும் திட்டிக்கொண்டு இரண்டாம் வெட்டை வெட்டினேன். அது சரியாக விழுந்தது.

பிறகு எல்லாம் எனக்குத் தெரிந்த வேலை. சுடுநீரில் அமிழ்த்தி இறகைப் பிடுங்கினேன். காய்ந்த தென்னோலையைக் கொளுத்திப் பூமயிரைப் பொசுக்கினேன். மஞ்சள் பூசிக் கழுவி, பித்தப்பை உடையாமல் ஈரலைப் பிரித்தெடுத்தேன். மல்லி, மிளகு, சீரகம், உள்ளி எல்லாவற்றையும் அம்மியில் பசையாக அரைத்து, மச்சச் சட்டியை வீட்டுக்குப் பின்னால் கோடிப்புற அடுப்பில் ஏற்றினேன். ஒளித்துச் செய்ய நான் களவா எடுத்தேன்? பொசுக்கிய மணம் வேலி தாண்டி ஒழுங்கையெல்லாம் போனது. போகட்டும் என்று விட்டேன்.

சோறும் குழம்பும் கொண்டுபோய் வைத்தால் குணம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் சின்ன வயதிலிருந்தே அண்ணை இருமினால் எழும்பி நிற்கிறவள். "வேண்டாமக்கா, அண்ணை பேசுவர்" என்றாள். மடியில் குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் கெஞ்சிப் பார்த்தேன், ஏசியும் பார்த்தேன். அவள் திரும்பவில்லை.

அதற்குள் வேலிப் படலையில் அண்ணையின் குரல் கேட்டது.

கோயிலிலிருந்து நேரே வந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி, மணிக்கட்டில் திருவிழாக் காப்பு. ஆனால் படலைக்கு வெளியே ஒழுங்கையில்தான் நின்றார். பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்குத் தீட்டு. காப்புக் கட்டியவர் அதற்குள் கால் வைத்தால் அன்றோடு கோயில் வேலை போய்விடும். பாவம், உள்ளே பாய்ந்து சட்டியை உடைக்க எவ்வளவு ஆசையோ.

"கொடி ஏறின ஊரிலை கத்தி எடுத்தனியோ, பராசக்தி?"

"கொடி கோயிலிலை ஏறினது. துடக்கு வீடு, கோயில் வீதிப் பக்கமும் வரக்கூடாது, எங்கடை செவ்வரத்தம்பூவும் சாமிக்கு வேண்டாமெண்டு இதே படலையிலை நிண்டு சொன்னது ஆர்? நீங்கள்தானே. எங்கடை பூவுக்குப் பூட்டின கோயில், எங்கடை சட்டிக்கு மட்டும் ஏன் திறக்குது?"

அண்ணை காப்பைத் திருகிக்கொண்டு ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் மணியகாரன், எந்த இடத்தில் அடித்தால் வலிக்கும் என்று தெரிந்தவர். குரலைத் தாழ்த்தி, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கிறதை மறித்துவிடுவேன் என்றார். தீட்டுத் துணி எடுத்து வெளுக்கக் கட்டாடி வரமாட்டான், தண்ணீர் தெளிக்க ஐயர் வரமாட்டார். இந்த வீட்டில் ஒருவரும் கை நனைக்க மாட்டார்கள்.

இது வெறும் வெருட்டல் இல்லை. அவர் சொன்னால் இரண்டு பேரும் நின்றுவிடுவார்கள். துடக்குக் கழியாத வீட்டில் குணம் எப்படிச் சீவிப்பாள்? பிள்ளையை எந்தக் கோயிலுக்குக் கொண்டுபோவாள்? புருஷன் வீட்டார் என்ன சொல்லுவார்கள்? என்னைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் இது அவளுடைய வாழ்வு, அதை வைத்து வீறாப்புப் பேச எனக்கு உரிமை இருக்கிறதா என்று நினைத்தேன். கத்தியை எடுத்தபோது வராத தயக்கம் அப்போது வந்தது.

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். குணம் ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசற்படிக்கு வந்துவிட்டாள். பிள்ளை பெற்றவள் அறையை விட்டு வெளியே வரக் கூடாது. படியில், அண்ணை பார்க்கும்படியாக உட்கார்ந்தாள். என்னிடம் கையை நீட்டினாள். கிண்ணத்தைக் கொடுத்தேன். சோற்றைக் குழம்பில் பிசைந்து ஒரு வாய், இன்னொரு வாய், மூன்றாவது வாய் சாப்பிட்டாள். பிறகுதான் தலையை நிமிர்த்தினாள்.

"மறியுங்கோ அண்ணை. கட்டாடியையும் மறியுங்கோ, ஐயரையும் மறியுங்கோ. துடக்குக் கழியாத மட்டும் இந்த வளவுக்குக் கொடியுமில்லை, விரதமுமில்லை. உங்களாலை உள்ளுக்கு வந்து தடுக்கவும் ஏலாது."

அவள் குரல் நடுங்கியது. ஆனால் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. அண்ணை படலையைப் பிடித்திருந்த கையை எடுத்தார்.

குணம் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

"ஈரலையும் போடக்கா. நாளைக்கு மற்றப் பேட்டை வெட்டு."