முப்பிடாதியின் தோட்டா

எதிர்வீட்டு பீர்முகமது மாடிப்படியாக மாறிய பிறகு எங்கள் கட்டடத்தில் ஏறி இறங்குவது சுலபமாகிவிட்டது. முன்பிருந்த படிகள் வழுக்கும். இவர் வழுக்குவதில்லை. செருப்போடு மிதித்தால் மட்டும் இருமுவார்.

அன்று காலை அவர் இருமினார். யாரோ வருகிறார்கள் என்று கதவைத் திறந்தேன்.

ஓர் இளம்பெண் நின்றாள். கையில் தூக்குவாளி. நெற்றியில் வியர்வை.

"ஞானதிரவியம் சார் வீடு இதானே?"

"ஆமா."

"முன்னால கவர்மெண்டுக்காக ஆளுகளைக் கொன்னுட்டு இருந்தது நீங்கதானே?"

"ரிட்டயர் ஆயாச்சு."

"தெரியும் சார். நான் அதே துறையில புதுசா சேந்திருக்கேன். பேரு முப்பிடாதி. கோயில்பட்டி பக்கம். என்னைக் கொல்ல வந்துக்கிட்டு இருக்காங்க. உள்ள வரலாமா?"

வரச் சொன்னேன். அதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு பீர்முகமதுவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். அவள் திரும்பிப் படிகளைப் பார்த்தாள்.

"தெரியாம மிதிச்சுட்டேன் பாய்."

"பரவால்லம்மா" என்றது கைப்பிடிச் சுவர்.

நான் வேலையில் கெட்டிக்காரன் என்று சொல்வார்கள். எனக்கு அதிகம் நினைவில்லை. ஒருவருடைய ஈரக் குடை நினைவிருக்கிறது. இன்னொருவர் பாதி மழித்த கன்னத்தோடு திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று அந்தத் திறமையைத் துறை திரும்ப வாங்கிக்கொண்டது. சுத்தியலைக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு என்னால் ஒரு கொசுவைக்கூட அடிக்க முடிவதில்லை. அது குடித்து முடிக்கும்வரை கையை ஆட்டாமல் வைத்திருப்பேன்.

முப்பிடாதி தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"என்ன தப்பு செஞ்ச?"

"சிரிச்சுட்டேன் சார்."

எங்கள் துறையில் ஒருவரைக் கொல்வதற்கு முன்பே அவருக்கு மௌன அஞ்சலி செலுத்திவிடுவார்கள். பிறகு வேலை அதிகமாகி மறந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. முப்பிடாதி சேர்ந்த அன்று கேன்டீன் சமையல்காரருக்கு அஞ்சலி. எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். சமையல்காரரும் வரிசையில் நின்றார். மற்றவர்களைவிட அவர்தான் அதிகமாகக் கலங்கியிருந்தார். பக்கத்தில் நின்றவரிடம் மெல்லக் கேட்டார்: "பாவம், யாரு தம்பி போயிட்டாங்க?"

முப்பிடாதி சிரித்துவிட்டாள். மௌனம் கலைந்துபோயிற்று. கலைந்த மௌனத்தை வைத்து யாரையும் கொல்ல முடியாது. சமையல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அந்த மௌனம் சும்மா கெடக்குதாம் சார். யாராவது அதுக்குப் போகணுமாம். கலைச்சது நான்தானே."

"அவர் உயிரோட இருக்காரா?"

"இருக்காரு. இந்தப் புளியோதரை அவர் குடுத்துவிட்டதுதான்."

"யாரு வாராங்க?"

"எபனேசர் சாரும் சுடலைமணி சாரும்."

இருவரும் என்னிடம் வேலை பழகியவர்கள். எபனேசர் இளகிய மனசுக்காரன். சுடுவதற்கு முன் ஜெபம் செய்வான். சுடலைமணிக்கு முழங்கால் வலி.

அவர்கள் வந்தபோது பீர்முகமது இருமவில்லை. மரியாதையாகக் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்கள். ஆனால் பீர்முகமதுவுக்கு விஷயம் புரிந்திருந்தது. அவர் நீளத் தொடங்கினார். கீழே அவர்கள் பேசுவது கேட்டது. காலடி கேட்டது. ஆனால் அவர்கள் மேலே வந்து சேரவில்லை.

"அண்ணாச்சி!" என்று எபனேசர் கூப்பிட்டான். "படி முடியவே மாட்டேங்கு!"

"மெதுவா வாங்கப்பா."

நாங்கள் புளியோதரையைச் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது. உப்பு மட்டும் ஒரு கல் குறைவு. முப்பிடாதி அவசரமாகச் சாப்பிட்டாள். பருக்கை சிந்தியது. சிந்தியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள்.

மதியம் ஆனபோது படியிலிருந்து குரல் வந்தது. "சார், என்னால இதுக்கு மேல நீள முடியல. முதுகு விட்டுப்போச்சு."

"போதும் பாய். பெரிய உபகாரம்."

இருவரும் மூச்சு வாங்க உள்ளே வந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன். சுடலைமணி நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தான்.

"நல்லாருக்கியளா அண்ணாச்சி?" என்றான் எபனேசர்.

"இருக்கேன். என்ன விஷயமா வந்தீங்க?"

"தங்கச்சியக் கூட்டிட்டுப் போவ வந்தோம்."

"எங்க?"

"எங்கயும் இல்ல. இங்கயேதான்."

நான் எழுந்து முப்பிடாதிக்கு முன்னால் நின்றேன்.

"நகருங்க அண்ணாச்சி."

"மாட்டேன்."

"ஏன்?"

யோசித்துப் பார்த்தேன். அவளை எனக்குக் காலையிலிருந்துதான் தெரியும்.

"புளியோதரை குடுத்தா" என்றேன்.

சுடலைமணி தலையை ஆட்டினான். "சரியான காரணந்தான். ஆனா பத்தாது."

எபனேசர் கண்ணை மூடி ஜெபித்தான். "ஆமென்" என்றான். சுட்டான்.

தோட்டா வெளியே வந்தது. மெதுவாக வந்தது. நிறைமாத கர்ப்பிணி நடப்பதுபோல வந்தது. வந்த தோட்டா என்னைப் பார்த்ததும் சற்றே விலகி, என் தோளைச் சுற்றிக்கொண்டு முப்பிடாதி பக்கமாகத் திரும்பியது.

"எங்க காலத்துல இப்படி இல்லையே."

"இப்ப மாத்திட்டாங்க அண்ணாச்சி. வேகம் கிடையாது. ஆனா போய்ச் சேந்துரும்."

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கதவுக்கு ஓடினேன். அவர்கள் எழுந்திருக்கவில்லை.

"நீங்க வரலையா?" என்று கேட்டேன்.

"எங்க வேலை முடிஞ்சுட்டு. இன்னும் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

"பானையில இருக்கு. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க."

பின்கதவைத் திறந்தால் ஆற்றுப்பாலம். என் வீடு ஆற்றங்கரையில் இல்லை. அதைப் பற்றி யோசிக்க நேரமும் இல்லை. பாலத்தில் நடந்தோம். முப்பிடாதி வெறுங்காலோடு வந்தாள். தோட்டா நெஞ்சு உயரத்தில் பின்னாலேயே வந்தது. பஸ்கள் அதற்காக நின்று வழிவிட்டன. ஒரு பூக்காரம்மா கூடையை நகர்த்தி, "போங்கய்யா" என்றாள் தோட்டாவிடம்.

"இயக்குநர் அம்மாவைப் பார்த்துப் பேசுவோம்" என்றேன்.

"பேசுனா விடுவாங்களா சார்?"

"தெரியல."

பாலம் முடிந்த இடத்தில் துறை அலுவலகத்தின் நடைபாதை தொடங்கியது. நாங்கள் நடக்க நடக்க அது நீண்டது. நின்றால் நீளவில்லை. நிற்கவும் முடியாது. கடைசியில் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு நடந்தோம். பார்க்க ஆள் இல்லாததால் நடைபாதை முடிந்துவிட்டது.

இயக்குநர் வசந்தகோகிலம் அம்மா கூடத்தில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை ஊஞ்சல் திரும்பி வரும்போதும் அவருக்கு வயது குறைந்தது. சீக்கிரம் பேச வேண்டியிருந்தது.

"யாரது?"

"ஞானதிரவியம்மா. ரிட்டயர் ஆனவன்."

"அப்ப நீ கெடையாதே."

"இருக்கேம்மா."

ஊஞ்சல் போய் வந்தது. அவருக்கு நரை போயிருந்தது.

"சரி, சொல்லு."

"இந்தப் பொண்ணை விட்டுருங்க. பதிலா என்னை எடுத்துக்குங்க."

"உன்னைத்தான் ஏற்கெனவே எடுத்தாச்சே."

"எப்ப?"

"நீ சேந்த அன்னைக்கு."

எனக்குக் குழப்பமாக இருந்தது. கேள்வி கேட்க வாயெடுத்தேன். ஊஞ்சல் போய் வந்தது. இரட்டைச் சடை போட்ட ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை உட்கார்ந்திருந்தாள்.

"தோட்டாவைத் திரும்பக் கூப்பிடுங்கம்மா."

"அதுக்குக் காது கெடையாது மாமா."

அடுத்த முறை ஊஞ்சலில் ஒரு கைக்குழந்தை கிடந்தது. கட்டை விரலைச் சப்பிக்கொண்டு எங்களைப் பார்த்தது. உத்தரவு போட வேறு யாரும் அங்கே இல்லை. குழந்தை விழுந்துவிடாமல் இருக்க முப்பிடாதி தன் துப்பட்டாவால் அதை ஊஞ்சல் பலகையோடு சேர்த்துக் கட்டினாள். அதற்குள் தோட்டா வாசலுக்கு வந்துவிட்டது. ஜன்னல் வழியாக இறங்கினோம்.

வெயில் உச்சியை விட்டு நகரவில்லை. தார்ச்சாலை கொதித்தது. பஸ் நிலையத்துக்கு வெளியே நடைபாதையில் அவள் உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கால்கள் இரண்டும் கொப்புளித்திருந்தன.

"இனி முடியாது சார். வரட்டும்."

"எந்திரி."

"முடியல சார்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோட்டா தெருமுனையில் தெரிந்தது.

"வீட்ல யாரு இருக்கா?"

"அம்மா இருக்கு. தீப்பெட்டி ஆபீசுல வேலை. தம்பி படிக்கான்."

"இந்த வேலைக்கு எதுக்கு வந்த?"

"பரீட்சை எழுதுனேன். என்ன வேலைக்குன்னு அதுல போடல. பாஸாயிட்டேன்." உள்ளங்காலை ஊதிவிட்டுக்கொண்டாள். "அம்மா தெருவெல்லாம் மிட்டாய் குடுத்துச்சு சார்."

தோட்டா நெருங்கியது. முதல் முறையாக அதைப் பக்கத்தில் பார்த்தேன். வேப்பம்பழம் அளவுதான் இருந்தது. வழியெல்லாம் புழுதி படிந்திருந்தது. எத்தனையோ அனுப்பியிருக்கிறேன். எதையும் வரும் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

எழுந்து உள்ளங்கையை நீட்டினேன். தோட்டா வலப்பக்கம் ஒதுங்கியது. கையை அங்கே கொண்டுபோனேன். இடப்பக்கம் ஒதுங்கியது. அங்கேயும் மறித்தேன். துள்ளும் கன்றுக்குட்டியை மறிப்பதுபோல இருந்தது. அது என்னைச் சுற்றப் பார்த்தது, தாண்டப் பார்த்தது. பிறகு வேறு வழியில்லாமல் கைக்குள் நுழைந்தது.

வலிக்கவில்லை. சில்லென்று இருந்தது. மணிக்கட்டில் ஏறி, முழங்கையில் கொஞ்சம் தயங்கி, தோள் வழியாக நெஞ்சுக்குள் வந்தது. அங்கே நின்று அவள் பக்கமாக முட்டியது. நான் ஓர் அடி அவளை நோக்கித் தள்ளாடினேன்.

"தள்ளிப் போ."

"சார்?"

"தள்ளிப் போம்மா. நீ பக்கத்துல இருந்தா இது வெளிய வந்துரும்."

அவள் தவழ்ந்து பின்னால் போனாள். முட்டுவது குறைந்தது. அவள் அழுதாள்.

"வலிக்கா சார்?"

"இல்ல. உன்னையே பாத்துக்கிட்டு இருக்கு."

ஒரு பஸ் வந்து நின்றது. ஊர்ப் பலகையில் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஏறச் சொன்னேன். படியில் நின்றுகொண்டு கேட்டாள்.

"எங்க போவ சார்?"

"எங்கிட்ட சொல்லாத."

"உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது."

பஸ் நகர்ந்தது. அவள் ஜன்னலில் தலையை நீட்டி, "மாத்திரை போட்டுக்குங்க சார்!" என்று கத்தினாள்.

"என்ன மாத்திரை?"

"தெரியல சார். ஏதாச்சும்!"

அந்த ஒரு நிமிடம் நெஞ்சு பஸ்ஸோடு போய்விடப் பார்த்தது. விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தேன். இப்போது கட்டிலை ஜன்னல் கம்பியோடு கட்டி வைத்திருக்கிறேன். தோட்டா உள்ளேயே இருக்கிறது. அவள் எந்தப் பக்கம் இருக்கிறாளோ அந்தப் பக்கம் இழுக்கிறது. முதலில் வடக்கே இழுத்தது. பிறகு மேற்கே, கொஞ்சம் மேல்நோக்கி. மலையில் எங்கோ இருந்தாள் போலிருக்கிறது. ஒரு மாதம் காலை வேளைகளில் மட்டும் வட்ட வட்டமாகச் சுற்றியது. எனக்குத் தலை கிறுகிறுத்தது. அவள் சைக்கிள் பழகியிருக்கலாம்.

இரவில் அவள் தூங்கும்போதுதான் இழுப்பு நிற்கும். ஒரு மதியம் நின்றுபோனது. சோற்றுத் தட்டை வைத்துவிட்டு நெஞ்சில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தேன். சோறு காய்ந்தது. சாயங்காலம் லேசாக ஓர் அசைவு. தூங்கியிருக்கிறாள். மதியத்தில் தூங்கும் பழக்கம் எப்போது வந்ததென்று எனக்குக் கோபம் வந்தது.

நேற்றிலிருந்து இழுப்பு கூடியிருக்கிறது. இன்று காலை கட்டில் ஜன்னல் பக்கம் ஒரு சாண் நகர்ந்தது. காப்பி குடிக்கும்போது டம்ளர் சாய்ந்தது. சட்டையின் மேல் பொத்தான் தெறித்துவிட்டது. கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் என்னைப் பார்க்க வந்துகொண்டிருக்கிறாள்.

முகத்தைக் கழுவி, நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். வீட்டைப் பூட்டினேன். தெருவில் இறங்கி, இழுப்புக்கு எதிர்ப்பக்கமாக நடக்கத் தொடங்கினேன். முதுகுக்குப் பின்னால் வெகு தூரத்தில் யாரோ "சார்!" என்று கூப்பிட்டதுபோல இருந்தது.

திரும்பவில்லை. ஆனால் மெதுவாகத்தான் நடந்தேன்.